இடப்பாகம்

"இந்தக் கோல் கோணல், அம்மா. உடன்பிறந்தவனே என்னை வஞ்சித்துவிட்டான்!"

ஏகாம்பரம் கோலைப் பில்லியர்ட்ஸ் மேசையின்மீது எறிந்தார். அறுபதைக் கடந்த சீடர் அவர். ஆசிரியை மங்கையர்க்கரசிக்கு அவர் வயதில் பாதி இருக்கும்.

அந்தக் கோலைத் தம் கையாலேயே இழைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர் தம்பி சம்பந்தம். சற்றுமுன், ஆடிக்கொண்டிருந்த அனைவரும் கேட்க, "இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே" என்று அண்ணன் சொல்லிவிட்டார். தம்பி தம் பயணப் பெட்டியை எடுத்தார். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, வாசலில் போய் நின்றார்.

ஆசிரியை கோலை மேசைமீது உருட்டினார். அது தள்ளாடாமல் உருண்டது.

"அப்படியானால் மேசைதான் கோணல்!"

"மேசையையும் உங்கள் தம்பிதான் செய்தாரா, ஐயா?"

"கேலி வேண்டாம். அடிக்கும் பந்தெல்லாம் மேசை மூலைப் பையின் ஒரே விளிம்பில் இடித்துத் திரும்புகிறது. என் கண்ணா பொய் சொல்லும்?"

ஆசிரியை கூடத்தின் மறுகோடிக்குச் சென்று நின்றார்.

"இரு கண்களையும் திறந்தபடி கையை நீட்டுங்கள். விரல்களை வளையமாக்கி, அதற்குள் என் முகத்தைப் பிடியுங்கள்."

பிடித்தார்.

"கையை அசைக்காமல் இடக்கண்ணை மூடுங்கள்."

வளையத்துக்குள் முகம் இல்லை. வெறும் சுவர் இருந்தது.

"குறி பார்த்து என் முகத்தைப் பிடித்தது உங்கள் இடக்கண். கோலை எந்தக் கண்ணின் கீழே வைக்கிறீர்கள்?"

"வலக்கண்ணின் கீழேதான்!" ஏகாம்பரம் சீறினார். "விளக்கேற்றுவது வலக்கை. வாசற்படி தாண்டுவது வலக்கால். இடக்கண்ணை முன்வைக்க நான் என்ன நெறி கெட்டவனா?"

ஆசிரியையின் முகம் சிவந்தது.

"நெற்றி நிறைய நீறு. நாள் தவறாமல் பதிகம். உமையம்மைக்கு ஈசன் தன் எந்தப் பாகத்தைக் கொடுத்தான், ஐயா?"

ஏகாம்பரம் மேசைப் பக்கம் திரும்பினார்.

கோலை எடுத்தார். குனிந்தார். தலையைச் சற்றே நகர்த்தினார். இடக்கண்ணின் கீழே கோல் வந்து அமைந்தது.

வெள்ளைப் பந்து சென்று சிவப்புப் பந்தைத் தொட்டது. சிவப்பு, விளிம்பைத் தீண்டாமல், பைக்குள் இறங்கியது.

அவர் நிமிரவில்லை. கோலின்மேல் ஒருமுறை விரலை ஓடவிட்டார்.

"கோல் நேராகத்தான் இருக்கிறது, அம்மா."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"அதை என்னிடமா சொல்வது?" என்றார் ஆசிரியை.