ஐம்பத்தைந்தா, ஐம்பத்தெட்டா?

ஒரு காருக்கு வயது பார்க்கப் போனவர், ஒரு பெண்ணின் நாற்பத்தொரு வருஷத் துக்கத்துக்குள் போய் மாட்டிக்கொண்ட கதை இது. கவனமாகக் கேளுங்கள். முடிவில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்பேன்.

பாளையங்கோட்டையில் மைதீன் பிச்சை என்று ஒரு மெக்கானிக். பழைய கார்களில் கைதேர்ந்தவர். பொள்ளாச்சி நஞ்சப்பன் தன்னுடைய மோரிஸ் மைனரை லாரியில் ஏற்றி அவரிடம் அனுப்பியிருந்தார். பழைய கார்களின் அணிவகுப்பில் அதை நிறுத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கு வண்டியின் வருஷமும் பாகங்களும் அசலாக இருக்க வேண்டும்.

நஞ்சப்பனிடம் இருந்த ஆர்.சி. புத்தகம் வண்டி 1958 என்றது. ஆனால் அது நகல். அசல் தொலைந்துபோனதாக, முந்தைய சொந்தக்காரர் ஒருவர் சேலத்தில் எழுதிக்கொடுத்து வாங்கியது.

மைதீன் பிச்சைக்குப் பார்த்ததுமே சந்தேகம். ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டிக்கு முன்கண்ணாடி வளைவாக ஒரே துண்டாக இருக்கும். இதில் நடுவே சட்டம் வைத்து இரண்டாகப் பிரிந்திருந்தது. பின்கண்ணாடியும் சின்னது.

"இது அம்பத்தாறைத் தாண்டாது சார்," என்று போனில் சொன்னார்.

"நீங்க சொன்னாப் போதாதுங்க பாய். எழுத்துல காட்டணும்," என்றார் நஞ்சப்பன்.

முன்கண்ணாடியின் ஒரு பாதியில் வேறு விரிசல். அதற்கு மாற்றுத் தேடி விசாரித்தபோது, ஏரலில் அன்னபாக்கியம் என்ற அம்மாளின் வீட்டில் அந்த மாடலின் பாகங்கள் இருப்பதாகத் தெரிந்தது. மைதீன் பிச்சை பஸ் ஏறினார்.

அன்னபாக்கியத்துக்கு எழுபது வயதிருக்கும். மகள் ஜெபமணி பள்ளிக்கூட ஆசிரியை. கட்டிலுக்கு அடியிலிருந்து மரப்பெட்டியை இழுத்துத் திறந்தார்கள். பழைய வேட்டியில் சுற்றி, கீறல் விழாத இரண்டு கண்ணாடிகள்.

"எங்க வண்டிக்குன்னு எங்க வீட்டுக்காரவ வாங்கி வச்சது. எடுத்துட்டுப் போங்க தம்பி. ஓடுற வண்டியில இருக்கட்டும்," என்றார் அன்னபாக்கியம். பிறகு அவராகவே சொன்னார். "நாப்பத்தோரு வருஷம் ஆச்சு. ஆத்துல வெள்ளம் ஏறிட்டு இருந்துது. அக்கரையில, குரும்பூர்ல, எங்கம்மா ஒத்தையில கெடக்கா, போய்க் கூட்டிட்டு வாங்கன்னேன். மழை விடட்டும்னாவ. நான் கேக்கல. சண்டை போட்டு அனுப்பினேன். நான்தான் தம்பி கொன்னுட்டேன்."

அவர் கணவர் தேவசகாயம், தையல் மெஷின் ஏஜெண்டு. அன்று காரை எடுத்துக்கொண்டு போனவர் குரும்பூருக்குப் போய்ச் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை, காரும் கிடைக்கவில்லை. ஆறு கடலில் கொண்டு சேர்த்துவிட்டது என்று ஊர் சொன்னது. கல்லறைத் தோட்டத்தில் வெறும் மண்ணின் மேல் அவர் பெயரில் ஒரு கல் நட்டார்கள்.

வருஷம் பார்க்க உதவும் என்று அன்னபாக்கியம் தங்கள் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தார். மைதீன் பிச்சை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தயாரித்த வருஷம் 1955. அதற்குக் கீழே, வண்டிக்கு வண்டி மாறும் சேசிஸ் எண்.

அந்த எண் அவருக்கு மனப்பாடம். நஞ்சப்பன் வண்டியின் தகட்டில் இருந்த பெயிண்டைச் சுரண்டி முந்தின நாள்தான் குறித்திருந்தார். முற்றத்துக்குப் போய், பையில் கொண்டுவந்திருந்த நஞ்சப்பனின் காகிதக் கட்டைப் பிரித்தார். சேலத்தில் நகல் கேட்டு எழுதியவரின் பெயர் தேவசகாயம். கையெழுத்தும் அன்னபாக்கியம் கொடுத்த புத்தகத்தில் இருந்த அதே கையெழுத்து. தேதி, வெள்ளம் வந்து ஏழு மாதத்துக்குப் பின்.

அன்னபாக்கியத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வழியனுப்ப வந்த ஜெபமணியிடம் வாசலில் வைத்துக் காகிதங்களைக் காட்டினார். அவள் வாங்கித் தேதியைப் படித்தாள்.

"அம்மாட்ட சொல்லிராதிய அண்ணாச்சி."

"அவங்க தன்னையே பழி சொல்லிக்கிட்டு இருக்காங்களேம்மா."

"அப்படிப் பழி சொல்லியாவது புருஷன் நினைப்புல இருக்காங்க. இதைக் கேட்டா அவங்களுக்கு என்ன மிஞ்சும்?"

மைதீன் பிச்சை தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஆனால் நஞ்சப்பனிடம் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அசல் புத்தகம் இருக்கும் இடம் தெரிந்தும் ஏன் வாங்கி வரவில்லை என்று அவர் கேட்டார்.

மறுவாரமே நஞ்சப்பன் நேராக ஏரலுக்குப் போனார். ஜெபமணி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நகலையும் கையெழுத்தையும் அன்னபாக்கியத்தின் முன்னால் வைத்து, அசல் தனக்கு ஏன் வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அன்னபாக்கியம் காகிதத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார்.

"சேலமா?"

"ஆமாங்கம்மா."

"கூட யாராவது இருந்தாவளா?"

"தெரியாதுங்க."

"அப்போ, ஆத்துல போகல," என்றார். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தார்.

மகளுக்கு முன்பே தெரியும் என்பதும் நஞ்சப்பனின் பேச்சிலிருந்து அன்று தெரிந்துபோயிற்று. அன்னபாக்கியம் ஆறு நாள் அவளோடு பேசவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஏழாம் நாள் ஜெபமணி அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அவர் சொன்னார்:

"இத்தனை வருஷமும் நான் கொன்னேன்னு அழுதேன். விட்டுட்டுப் போனதுக்கு நான் இன்னும் அழவே இல்ல. அதையாவது இப்ப அழுதுக்கிடுதேன். விடு."

அடுத்த வருஷம் அன்னபாக்கியம் இறந்துபோனார். நஞ்சப்பனின் கார் ஐம்பத்தைந்து என்றே பதிவாயிற்று.

மைதீன் பிச்சை மகளிடம் மட்டும் சொன்னார். ஜெபமணி அம்மாவின் மேலிருந்த பாசத்தால் மறைத்தாள். நஞ்சப்பன் தன் காரியத்துக்காகப் போட்டு உடைத்தார். இதில் யார் செய்தது சரி?

விடை: ஜெபமணி காப்பாற்ற நினைத்தது அம்மாவை. ஆனால் அவள் காப்பாற்றியது அப்பாவின் பெயரை. அதற்கான தண்டனையை அம்மா அனுபவித்துக்கொண்டிருந்தார். நஞ்சப்பன் யோசித்தது தன் வண்டியைப் பற்றித்தான். இருந்தாலும் செய்யாத கொலையிலிருந்து அந்த அம்மாளை விடுவித்தது அவர் வாய்தான். ஆகவே அவர் செய்தது சரி, செய்த விதம் சரியல்ல. பக்கத்தில் உட்கார்ந்து, மெல்ல எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர் மைதீன் பிச்சை. "நான்தான் கொன்னுட்டேன்" என்பதைத் தன் காதால் கேட்டவர், கொல்லவில்லை என்பதற்கான காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார். இந்தத் தீர்ப்பு என்னுடையது அல்ல. கதையை எனக்குச் சொன்ன அன்றைக்கு மைதீன் பிச்சையே சொன்னது.