செடி கேட்ட பேர்

“பறிக்கிற இலையெல்லாம் கையிலேயே கருகிப்போகுது, தாயே,” என்றார் வேலாண்டி.

கொடைக்கானல் மலையில், மேகம் வாசலில் வந்து படுத்துக்கொள்ளும் ஒரு குடிசை. அதில் வைத்தியம் பார்த்த மருளாயி அம்மைக்கு நாற்பது வயது. அவருக்குச் சீடராக வந்த வேலாண்டிக்கு அறுபது தாண்டிவிட்டது.

உள்ளே பாயில் ஒருவர் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தார். விடியலில் யாரோ தூக்கிவந்து விட்டுப் போயிருந்தார்கள். காட்டு ஸ்ட்ராபெரி இலையின் கஷாயம் வயிற்றுக்குள் போனால்தான் பிழைப்பார்.

“நேத்து ஈறு வீங்கினவளுக்கு இதே செடியில வேர் எடுத்தீங்களே. அது கருகிச்சா?” என்று கேட்டார் அம்மை.

“இல்லை.”

“இன்னைக்குச் செடிகிட்ட யாருக்குன்னு சொன்னீங்களா?”

வேலாண்டி கையில் ஒட்டியிருந்த கரித்தூளைத் தட்டிவிட்டார்.

அந்தச் செடிக்குக் காது உண்டு என்பார்கள் மலைக்காரர்கள். தாய்ச்செடி கொடியை நீட்டிப் பிள்ளைச்செடியின் கையைப் பிடித்துக்கொண்டே மலை முழுக்க நடக்குமாம். ஒரு செடியிடம் நோயாளியின் பேரைச் சொன்னால், கொடி வழியே எல்லாச் செடிக்கும் போய்ச் சேருமாம். சொல்லாமல் கிள்ளினால் இலை கையிலேயே கருகிவிடுமாம்.

“உள்ளே கிடக்கிறவனுக்குன்னு சொன்னேன்.”

“பேரு?”

“அவன் பேரு என் வாயில வராது. கூடப் பிறந்த தம்பிதான். என் பெண்டாட்டி செத்தன்னைக்குப் பாடை தூக்க வராத பய.”

“செடி பாடையைப் பத்திக் கேட்கலை, பெரியவரே.”

“அப்போ நீங்களே போய்ப் பறிங்க.”

“பறிக்கலாம். நீங்க இங்க படிக்க வந்தவரா, விறகு பொறுக்க வந்தவரா?”

வேலாண்டி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வெள்ளை மேகத்துக்குள் சின்னச் சின்னப் பழங்கள் சிவப்பாக மிதந்தன. மண்டியிட்டு, செடியருகே வாயைக் கொண்டுபோனார்.

ஒன்றும் வரவில்லை.

கண்ணை மூடித் தேடினார். தம்பியின் நடை வந்தது. ஆள் குறைந்த பாடை வந்தது. தம்பி வருகிறானா என்று சுடுகாட்டுப் பாதையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி தானே அதைச் சுமந்த வலி வந்தது. பேர் மட்டும் வரவில்லை. கொடிகள் அசையாமல் காத்திருந்தன.

திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“வீம்பு இல்லை, தாயே. நெசமாவே மறந்துபோச்சு.”

அம்மை சிரிக்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்துவிட்டார்.

“உள்ளே போய் அவர்கிட்டயே கேளுங்க.”

வேலாண்டி குனிந்து நுழைந்தார். மேகமும் கூடவே நுழைந்தது. பாயில் கிடந்தவர் பாதிக் கண்ணைத் திறந்தார்.

“டேய்... உன் பேரு என்னடா?”

வறண்ட உதடு மெல்ல அசைந்தது.

“நீ வச்ச பேருதானே, அண்ணே.”