அரசியின் கடைவாய்ப் பல்

பல்லைப் பிடுங்கினால் விரலை வெட்டுவார்களா? அந்த நாட்டில் வெட்டினார்கள்.

அண்டை நாட்டில் பல் வைத்தியம் படித்துத் தேறிய பூங்காவனம், சொந்த ஊருக்குத் திரும்பி ஒரே ஒரு பல்லைத்தான் பிடுங்கினாள். மறுநாளே கைகளைக் கட்டி அரசவைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். வாசலில் ஒருவன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

“வைத்தியம் பார்க்க நம் நாட்டு முத்திரை வாங்காமல் நம் நாட்டுப் பல்லில் கை வைத்தாயா?” என்று உறுமினார் தலைமை வைத்தியர் மாதவராயர்.

“அங்கே படித்ததும் பல் வைத்தியம்தானே, ஐயா?” என்றாள் பூங்காவனம்.

“அந்த நாட்டுப் பல் வேறு, நம் நாட்டுப் பல் வேறு! நாட்டுக்கு நாடு வேர் மாறும்!”

கத்தியின் சத்தம் நின்றது. கத்திக்காரன் உள்ளே வந்து நின்றான்.

பூங்காவனம் அரியணைப் பக்கம் பார்த்தாள். அரசருக்குப் பக்கத்தில் அரசி வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மகாராஜா, அரசியார் அண்டை நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அவர்கள் பல் அங்கே முளைத்தது. ஐயா சொல்கிறபடி பார்த்தால், அதைத் தொட இந்தச் சபையில் எனக்கு மட்டும்தான் உரிமை.”

மாதவராயருக்கு வியர்த்தது. எல்லாப் பல்லும் ஒன்றுதான் என்று சொன்னால் வழக்கே போய்விடும்.

“கட்டை அவிழுங்கள்” என்றார் அரசர்.

பல் வெளியே வந்தது. அரசி வாயைக் கொப்பளித்துவிட்டு மாதவராயரைப் பார்த்தாள்.

“ஒரு மாதமாக என் வாயில் கை வைத்து வீங்கவிட்டது நீங்கள்தானே? எங்கள் நாட்டு முத்திரை வைத்திருக்கிறீர்களா?”

மாதவராயர் பத்து விரல்களையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். கத்திக்காரன் மெதுவாக அவர் பக்கம் திரும்பினான்.