அடுத்து எந்தப் பட்டை?

“படம் போட்டு நடத்தணுமா, எழுதிக் கொடுத்து நடத்தணுமா? நீயே சொல்லு வஹீதா” என்றார் தேவசகாயம்.

அவர் பாலிடெக்னிக்கில் புரோகிராமிங் வாத்தியார். வஹீதா ஒரு காலத்தில் அவர் வகுப்பில் கடைசி பெஞ்சு. இன்று அவளிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள், இவருடைய பிள்ளைகள் கவிழ்ந்துவிடுகிறார்கள். கௌரவம் பார்க்கிற நேரமா இது? தன் மாணவி ஷைனியையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

ஷைனிக்கு நாளை மறுதேர்வு. இதிலும் போனால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லிவிட்டார்.

“சார் நடத்தும்போ எல்லாம் மனசிலாவுது டீச்சர்” என்றாள் ஷைனி. “தனியா இருந்தா ஒண்ணும் வரமாட்டேங்கு.”

“வரி வரியா எழுதிக் கொடுத்தேன், பிள்ளைங்க தூங்கிச்சுவ” என்றார் தேவசகாயம். “கண்ணு நோவ உக்காந்து படம் செஞ்சேன், கைதட்டிச்சுவ. ரெண்டுலயும் பெயில்.”

வஹீதா லேப்டாப்பைத் திறந்து, வரிசைப்படுத்தும் புரோகிராமை விளக்க அவர் செய்திருந்த அந்தப் படத்தை ஓடவிட்டாள். நெட்டையும் குட்டையுமாக வண்ணப் பட்டைகள் இடம் மாறி மாறி உயர வரிசைக்கு வந்துகொண்டிருந்தன.

பாதியில் நிறுத்தினாள்.

“அடுத்து எந்தப் பட்டை நகரும் ஷைனி?”

ஷைனி சாரைப் பார்த்தாள். சார் வாயைத் திறந்தார்.

வஹீதா அவர் கையில் ஒரு முறுக்கைத் திணித்தாள். “தின்னுங்க சார்.”

ஷைனி பட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திரையைத் தொட்டாள். “இந்தக் குட்டை. நேரா முதல் இடத்துக்குப் போயிரும்.”

படம் ஓடியது. குட்டைப் பட்டை ஒரே ஒரு இடம் முன்னால் வந்து நின்றுவிட்டது.

“ஏன் டீச்சர் அங்கேயே நின்னுட்டு?”

வஹீதா அந்த இடத்தை மறுபடி ஓட்டிக் காட்டினாள்.

ஷைனி நகத்தைக் கடித்தாள். “பக்கத்துல உள்ளத மட்டுந்தான் பாக்குமோ?”

தேவசகாயத்துக்கு முகம் மலர்ந்தது. “அப்ப படந்தான் சரி!”

வஹீதா அதே புரோகிராமை அவர் வரி வரியாக எழுதிக் கொடுத்த தாளை எடுத்து மேசையில் வைத்தாள். கீழ்ப் பாதியைக் கையால் மறைத்தாள்.

“அடுத்த வரி என்ன ஷைனி?”

ஷைனி விழித்தாள். கண் கலங்கிவிட்டது.

தேவசகாயம் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “பாவம், தவிக்குதே. நான் ஒரு வார்த்தை சொல்லட்டா?”

“அந்த ஒரு வார்த்தையத்தானே சார் இத்தன வருஷமா சொல்லிட்டிருக்கீங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. குனிந்து, தாளின் மேலிருந்த வஹீதாவின் கையை விலக்கப் போனார்.

ஷைனி சட்டென்று தன் கையையும் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“எடுத்திராதீங்க சார். வருது.”