எதிர்வரிசை என்ற பேர் வந்த கதை

ஒரு காலத்திலே மேழிநாட்டைக் கொற்றவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். சபையில் எல்லோரும் அவனுக்கு வலப்பக்கம் ஒரே வரிசையாக உட்காருவார்கள். ராஜா வாய் திறந்தால் வரிசை முழுக்கத் தலையாட்டும்.

ஒருநாள் ராஜா, "ஏரியை உடைத்துவிட்டு அங்கே பூந்தோட்டம் போடப் போகிறேன்" என்றான். வரிசை தலையாட்டியது. கிழ மந்திரி சடைமாயர் மட்டும், "ஏரி போனால் நாற்பது ஊர் வயல் காயும், மகாராஜா" என்றார்.

ராஜாவின் முகம் சிவந்தது. சடைமாயர் மேல் வெகுநாள் பொறாமை வைத்திருந்த சிங்காரமணியார் துள்ளி எழுந்தார்.

"மகாராஜா பக்கத்தில் உட்கார இவருக்கென்ன தகுதி? எதிரே வெறுந்தரையில் உட்காரட்டும். ஓய், எதிர்வரிசைக்காரரே, போம்!"

சபையே சிரித்தது.

"இங்கே இத்தனை பேரும் சொல்லாத ஒன்றை நாளைக்கு அங்கிருந்து சொல்லும்" என்றான் ராஜா. "சொன்னால் ஏரி பிழைக்கும். இல்லாவிட்டால் கரையை வெட்டுவேன்."

சடைமாயருக்கு நெஞ்சு எரிந்தது. இதே ராஜாவைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு அந்த ஏரிக்கரையில் நடந்தவர் அவர். இவனுடைய அப்பா பெரிய ராஜா இருந்தவரை, குறை சொல்கிறவனுக்குத்தான் முதல் வெற்றிலை. அந்தக் காலமெல்லாம் எங்கே போனது! சிங்காரமணியின் சிரிப்பை அவர் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

மறுநாள் பக்கத்து நாட்டுத் தூதர் வருகிற நாள். ராஜாவுக்குப் பொறுமை ஏது? மீசைக்கு மை தீட்டிக்கொண்டிருந்த நாவிதனைப் பாதியில் விரட்டிவிட்டுச் சபைக்கு வந்து உட்கார்ந்தான்.

"எப்படி இருக்கிறேன்?"

"இருபது வயதுக் காளை!" என்றார் சிங்காரமணியார். வரிசை தலையாட்டியது.

"எதிரே இருக்கிறவரே, உமக்கு?"

"வலப்பக்கம் இருபது, மகாராஜா. இடப்பக்கம் அறுபது."

கண்ணாடி வந்தது. ஒரு பாதி மீசை கருகரு, மறுபாதி பஞ்சு. தூதரோ கோட்டை வாசலில் வந்து நிற்கிறார்! ராஜா ஒரு கணம் விழித்தான், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"சிங்காரமணி, மைக்கிண்ணத்தை எடும்! மறுபாதியை உம் கையாலேயே தீட்டும். ஏரி பிழைத்தது. சடைமாயரே, பக்கத்தில் வந்து உட்காரும்."

"வேண்டாம் மகாராஜா. அங்கே வந்தால் எனக்கும் பாதி முகம்தான் தெரியும்."

அன்று முதல் அந்த இடத்துக்கு ஓர் ஆசனம் போட்டார்கள். வசவாகப் பிறந்த 'எதிர்வரிசை' அந்த நாட்டில் பதவியின் பேராயிற்று. பேர் இன்னும் இருக்கிறது. கேட்டுவிட்டுச் சிரிக்கிற ராஜாதான் இல்லை.