மாசானத்தின் ஆறாவது பந்து

அம்பாசமுத்திரத்து மாசானம் மாநில கிரிக்கெட் அணிக்கு ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அதில் ஒரு வழக்கு இருக்கிறது. தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வேகப்பந்து வீச வந்தவன் அவன். உயிரைக் கொடுத்து வீசியும் ஒரு விக்கெட்கூட விழவில்லை. மட்டையில் பட்ட பந்தெல்லாம் ஆளில்லாத இடமாகப் பார்த்துப் போனது. மறுமுனையில் வீசிய ரங்கராஜன் மூத்தவர், அந்த ஆட்டத்தோடு ஓய்வு பெறுகிறவர். விழுந்த ஒன்பது விக்கெட்டையும் அவரே எடுத்திருந்தார்; பத்தும் ஒருவருக்கே விழுவது அபூர்வம். எதிரணியின் கடைசி ஜோடி நின்றது; அவர்கள் ஜெயிக்க வழியே இல்லை.

கேப்டன் கிருபாகரன் மாசானத்தைத் தனியே அழைத்தார். "தம்பி, அண்ணனுக்கு இது கடைசி மேட்ச். பத்தாவது விக்கெட்டை அவரே எடுக்கட்டும். நீ ஸ்டம்புக்கு வெளியவே போடு. உனக்கு இன்னும் எத்தனையோ மேட்ச் இருக்கு."

கிரிக்கெட்டில் இப்படி விட்டுக்கொடுப்பதை மரியாதை என்பார்கள். "சரிண்ணே" என்றான் மாசானம்.

ஐந்து பந்துகளைச் சொன்னபடி வெளியே போட்டான். ஆறாவதற்கு ஓடி வரும்போது, தன் பெயரிலும் ஒரு விக்கெட் இருக்கட்டுமே என்ற ஆசை பிடித்துக்கொண்டது. பந்தை ஸ்டம்புக்கு நேராகவே விட்டான். அது மட்டையின் விளிம்பில் பட்டு, மட்டையாளனுக்குப் பின்னால் ஸ்லிப்பில் நின்ற ரங்கராஜனின் கைக்கே போயிற்று. சின்னக் குழந்தைகூடப் பிடித்துவிடும். அவர் கீழே விட்டார்.

ஓவர் முடிந்து பந்தை வாங்கும்போது மெல்லக் கேட்டார்: "சொன்ன சொல் மறந்துபோச்சா, தம்பி?"

மாசானத்தின் முகம் செத்துவிட்டது. அடுத்த ஓவரிலேயே ரங்கராஜன் பத்தாவது விக்கெட்டை எடுத்தார். அவரைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியவர்களில் மாசானமும் இருந்தான்.

மறுவாரம் பயிற்சியில் அவன் தோளில் தசைநார் அறுந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு பழைய வேகம் திரும்பவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. இப்போது ஊரில் டயர்க் கடை வைத்திருக்கிறான். அந்த ஆட்டத்தைப் பற்றி யாராவது கேட்டால், "நான்தான் பேச்சு மாறிட்டேன்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொள்கிறான்.

இப்படியொரு வாக்கை வாங்கிய கேப்டனா, கைக்கு வந்ததை விட்ட ரங்கராஜனா, சொன்ன சொல்லை மீறிய மாசானமா? இதில் யார் செய்தது சரி?

விடை: மாசானம் செய்ததுதான். விக்கெட் எடுக்க வந்தவன் விக்கெட்டைப் பார்த்து வீசினான். அந்த வாக்கை அவனிடம் கேட்டிருக்கவே கூடாது. அந்தக் கேட்சை விட்டிருக்கவும் கூடாது. ஆனால் கேட்டவரும் விட்டவரும் நிம்மதியாக இருக்கிறார்கள். சரியாக நடந்த ஒருவன்தான் அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறான்.