ஹெல்சிங்கி போகிறவருக்கு ஒரு யோசனை

சிறுமலை அடிவாரத்தில் மங்கையர்க்கரசி அம்மாவின் ஆசிரமம். அம்மாவுக்கு நாற்பது வயசுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்கும் சிற்றம்பலம் ஐயாவோ மின்வாரியத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், பேரன் பேத்தி எடுத்தவர். இந்த வயசில் ஒரு சின்னப் பெண்ணிடம் கைகட்டி நிற்கிறாரே என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஐயா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஒரு நாள் காலை அவர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஹெல்சிங்கியில் நடக்கிற சமய மாநாட்டுக்கு அவரை இரண்டாம் முறையாகக் கூப்பிட்டிருந்தார்கள். பேச வேண்டிய பொருள் விருந்தோம்பல்.

“அம்மா, ஆளாளுக்கு யோசனை சொல்றாங்க. கம்பளித் தொப்பி வாங்குன்னு ஒருத்தர். நம்ம பிளக் அந்த ஊர்ல நுழையாது, அதுக்குத் தோதா ஒண்ணு வாங்குன்னு இன்னொருத்தர். பாஸ்போர்ட்டை நகல் எடுத்து வைன்னு மகன். நீங்களும் ஒரு யோசனை சொல்லணும்.”

“போன தடவை எங்க தங்கினீங்க?”

அவ்வளவுதான், ஐயாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

“அதை ஏன் கேட்கிறீங்க! ஐலான்னு ஒரு அம்மா வீட்டுல தங்க வெச்சாங்க. போய் இறங்கினதும் சாப்பிடுறீங்களான்னு கேட்டாங்க. சூப்பு வாசனை வீடு பூரா தூக்குது. வேண்டாம்னேன். சரின்னு பானையை எடுத்து ஃபிரிட்ஜுல வெச்சுட்டாங்கம்மா! மறுநாளும் அதே கதை. மாநாடு முடியற வரைக்கும் முறுக்கைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். ஈரமில்லாத ஜனங்க!”

“இந்தத் தடவை?”

“மறுபடியும் அதே வீடாம். ஓட்டல்ல தங்கிக்கிறேன்னு சொல்லிடப் போறேன். அது மட்டுமா? விருந்தோம்பல்னா என்னன்னு பேசறப்ப, இந்தக் கதையை மேடையிலயே போட்டு உடைக்கப் போறேன். அந்த அம்மா முன்வரிசையில உட்கார்ந்து கேட்கட்டும்.”

சமையல் பார்க்கும் பாக்கியம், “அடப் பாவமே” என்று உச்சுக் கொட்டினாள். அம்மா இட்லிப் பானையின் மூடியைத் திறந்தார். குப்பென்று ஆவி வந்தது.

“சாப்பிடுறீங்களாய்யா?”

“ஆச்சும்மா, இப்பத்தான்.”

எங்கே ஆச்சு? முதல் பஸ்ஸைப் பிடித்த மனுஷன் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை. ஆனால் கேட்டவுடன் தலையாட்டிவிட்டால் மரியாதை என்ன ஆவது? அம்மா மறுபடி கேட்பார், ரெண்டே ரெண்டு என்பார், சரி உங்களுக்காக என்று ஐயா உட்கார்ந்து வயிறு முட்டத் தின்பார். வருஷக்கணக்காக நடக்கிற சங்கதி.

“சரி,” என்று அம்மா பானையை மூடினார்.

பாக்கியம் ஐயாவைப் பார்த்தாள். ஐயா பானையைப் பார்த்தார். அம்மா துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் காப்பி வந்தது.

“குடிக்கிறீங்களா?”

“உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்...”

“ஆமா, சிரமம்தான்,” என்று அம்மா தன் டம்ளரை மட்டும் ஆற்றிக் குடித்தார்.

ஐயா தூணில் சாய்ந்துகொண்டார். என்ன தப்புப் பண்ணினோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

மத்தியானம் பந்தி போட்டார்கள். வத்தக்குழம்பு மணம் வாசல்வரை வந்தது. யாரோ அப்பளத்தை நொறுக்கினார்கள். அந்தச் சத்தம் ஐயாவின் வயிற்றுக்குள்ளே கேட்டது.

“உட்காருறீங்களாய்யா?”

“மத்தவங்க ஆகட்டும்மா. எனக்கென்ன அவசரம்.”

“நல்லது.” அவருக்குப் போட்ட இலையில் அம்மா ஒரு வழிப்போக்கரை உட்கார வைத்தார்.

பாக்கியத்துக்கு மனசு கேட்கவில்லை. “அம்மா, ஐயா முகம் வாடிக் கிடக்குதே.”

“அவர்தான் வேண்டாம்னு சொன்னாரே.”

குழம்புச் சட்டி அவரைத் தாண்டி அடுக்களைக்குத் திரும்பியது. ஐயா துள்ளி எழுந்தார்.

“அம்மா! எனக்குப் பசிக்குதும்மா!”

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் ஒரே சிரிப்பு. அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். தானே இலை போட்டு, தானே பரிமாறினார். ஐயா தலை நிமிராமல் சாப்பிட்டார். ரசம் வரைக்கும் வந்தவர் சட்டென்று கையை நிறுத்தினார்.

“அம்மா... அந்த சூப்பு...”

“சாப்பிடுங்கய்யா, ஆறிடும்.”

கை கழுவி வந்தவர் குரலை இறக்கிக் கேட்டார். “அப்ப, நான் என்னதான் எடுத்துட்டுப் போகணும்?”

“முறுக்கு டப்பாவை இங்கயே வெச்சுட்டுப் போங்க.”

ஐயா போனார். ஐலா கதவைத் திறந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல், “எனக்குப் பசிக்கிறது” என்றார். அந்த அம்மா ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி அடுக்களைக்கு ஓடினார்.

உருளைக்கிழங்கு சூப். என்ன ருசி! ஐயா கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டுக் கேட்டார், “போன வருஷம் ஏன் இன்னொரு தடவை கேட்கவில்லை?”

“நீங்கள் வேண்டாம் என்றீர்களே,” என்றார் ஐலா. “மறுபடி கேட்டால், உங்கள் பேச்சை நான் நம்பவில்லை என்று ஆகிவிடாதா?” கொஞ்சம் பொறுத்து, “உங்களுக்காக மாமிசம் இல்லாமல் சமைக்கக் கற்றுக்கொண்டேன். என் சமையல் பிடிக்கவில்லை போல என்று வெகு நாள் வருத்தமாக இருந்தது.”

ஐயா கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

மேடையில் அந்தக் கதையைச் சொல்லத்தான் செய்தார். ஆனால் அதில் மாட்டிக்கொண்டு முழித்தவர் சிற்றம்பலம். முன்வரிசையில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது ஐலா.

தை மாதம் ஐலா ஆசிரமத்துக்கு வந்தார். பாக்கியத்துக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய தலைவாழை இலையாகப் பார்த்துப் போட்டு, பொங்கல், வடை, கூட்டு, பாயசம் என்று அடுக்கினாள். ஐலா எல்லாவற்றையும் ரசித்துத் தின்றார்.

“போதும், நன்றி,” என்றார் கையமர்த்தி.

“கூச்சப்படுறாங்க பாவம்,” என்று பாக்கியம் சாம்பாரை ஊற்றினாள்.

போட்டதை வீணாக்கக் கூடாதென்று ஐலா அதையும் சாப்பிட்டார். “போதும்” என்றார். வடை விழுந்தது. “ஐயோ, போதும்” என்றார். பாயசம் வந்தது. முகமெல்லாம் சிவந்து, வியர்த்து, ஐலா பரிதாபமாக ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்.

ஐயா பதறிக்கொண்டு அம்மாவிடம் ஓடினார். “அம்மா, அவங்க நிஜமாவே போதும்னுதான் சொல்றாங்க! பாக்கியம் நம்ப மாட்டேங்குது. வந்தவங்க வயிறு வெடிச்சுடும் போல இருக்கு!”

“அவங்க அங்கேருந்து கிளம்பறப்ப நீங்க என்ன யோசனை சொன்னீங்க?”

“வெயிலுக்குத் தொப்பி... கொசுவுக்குக் களிம்பு... தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னு...” ஐயா இழுத்தார்.

அம்மாவுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

“நம்ம ஊர்ல வாய் சொல்றதை யாருய்யா நம்பினா? ஓடிப் போய் இலையை மூடச் சொல்லுங்க!”